முன்ன மாதிரி

குடியரசு நாள். மேல்நிலைப்பள்ளி மைதானம்.
மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்
தலைமையாசிரியர் சொல்கிறார்:
"இந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர்,
உங்களுக்கெல்லாம் ஒரு முன்மாதிரி."

முன்னாள் மாணவன்தான்.
ஒன்பதாம் வகுப்பில் பெயரை அடித்துவிட்டார்கள்.
இதே தெருக்களில் அம்மாக்கள்
சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்கள்:
"தனசீலன் மாதிரி ஆயிடாதடா."
மாதிரி அப்படியே இருக்கிறது.
முன்னால் ஒரு 'முன்' வந்து
ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கம்பி என்று கூப்பிடுவார்கள் கூட்டாளிகள்.
குடமுருட்டிக் கரையில்
மோட்டார் கொட்டகைத் தகரத்தை
ஓசையில்லாமல் நெம்பத் தெரிந்த கை.
அஞ்சு எச்பி என்றால் மூணு கிலோ தேறும்.
மூங்கில் கொல்லையில் கொளுத்துவோம்.
வார்னிஷ் கருகத் தீ பச்சையாய் எழும்பும்.
அதன் அழகைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்,
அந்தப் பக்கம் ஒரு நாற்றங்கால்
வெளுத்துக்கொண்டிருப்பது தெரியாமல்.

தெரியாமல் என்பது பொய்.

கம்பி நீட்டினேன். அய்யம்பேட்டையில் பிடித்தார்கள்.
தஞ்சாவூர் கூர்நோக்கு இல்லத்தில் கம்பி எண்ணினேன்.
ஜன்னலுக்குப் பதினொன்று.
அப்புறம் கோயம்புத்தூர்,
ஒரு பம்ப் பட்டறையில் ஏழு வருஷம்.
வெட்டிப் பழகிய கைக்குச் சுற்றுவது
சீக்கிரம் பிடிபட்டது.
எத்தனை சுற்று, எந்த ஸ்லாட்டில் முடிச்சு,
எல்லாம் அறுக்கும்போதே பார்த்ததுதானே.

இப்போது பாபநாசம் ரோட்டில்
தனசீலன் காயில் ஒர்க்ஸ்.
முதல் ஆறு மாசம் ஈ ஓட்டினேன்.
மோட்டார் அறுத்தவனிடம்
யார் மோட்டாரைக் கொடுப்பார்கள்?

மங்கையர்க்கரசி கொண்டுவந்தார்.
குத்தகை நிலம், புகைந்த மோட்டார், வேறு வழியில்லை.
பதினாறு வயதில் நான் கருக்கியது அவருடைய குறுவை.
கூலி வேண்டாம் என்றேன்.
நோட்டை எண்ணி மேசையில் வைத்துவிட்டு
"அன்னைக்கு என் தோடு ரெண்டு கிராம்" என்றார்.
கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

தீபாவளிக்குத் தோடு வாங்கிப் போனேன்.
வாங்கிக்கொண்டார். காதில் ஒருநாளும் காணோம்.
கேட்டதற்கு,
"யூரியாவுக்குப் போயிடுச்சு."
மன்னித்தாரா, தெரியாது.
மோட்டார் கெட்டால் என்னிடம்தான் வருகிறார்.

மைக்கில் இதில் எதையும் சொல்லவில்லை.
"நல்லாப் படிங்க" என்றேன். கைதட்டினார்கள்.
கடைசி வரிசையில் ஒருவன் மட்டும்
விரல்களை மடக்கி வைத்திருந்தான்.
மிட்டாய்க்கு வரிசை கலைந்தபோது என்னைக் கடந்தான்.
சட்டையில் கருகிய வார்னிஷ் நெடி.
எந்தச் சோப்புக்கும் போகாத நெடி அது.

இருட்டியதும் கடைக்கு வந்தான், உரப்பையோடு.
"எடைக்கு எடுத்துக்கிறீங்களாண்ணே?"
பெயர் கேட்கவில்லை.
"எந்தக் கொட்டகை?" என்றேன்.
பையை இந்தக் கையிலிருந்து
அந்தக் கைக்கு மாற்றினான். மறுபடி மாற்றினான்.
பிறகு சொன்னான்.

அறுப்புச் சமயம்,
கொட்டகைப் பக்கம் ஆள் போக நாலு நாளாகும்.
அன்றிரவே வெறும் கூட்டைத் தூக்கி வந்தோம்.
கம்பி என் செலவு. சுற்றியது அவன்.
மூன்று தரம் தப்பாகச் சுற்றி, மூன்று தரம் பிரித்து,
விரல் வெட்டுப்பட்டு, என்னைத் திட்டி.

மூன்றாம் இரவு
அதே வரப்பு. அதே வகை இருட்டு.
அணைத்த டார்ச், தோளில் சுமை,
நாய்கள் முன்ன மாதிரியே குரைத்தன.
தகரத்தை நெம்பத்தான் வேண்டியிருந்தது.
போல்ட்டை முறுக்கினோம்.
மூணு பேஸ் வரும்வரை குந்தியிருந்தோம்.

சுவிட்சைப் போட்டதும்
மோட்டார் முனகிச் சுழன்றது.
அவன் வாசலுக்கு வெளியே ஒரு கால் வைத்திருந்தான்.
"போயிடலாம்ணே, யாராவது வந்துடுவாங்க."

இருடா, என்றேன்.
குழாயில் தண்ணி வரட்டும்.